வீடு கட்டும் முன் மண் பரிசோதனை: குழி தோண்டிப் பார்த்தால் போதுமா, போர் போட வேண்டுமா?

புதுமனை:
தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் வருகிற மாதிரி வீடு கட்டப் போகிறோம். மண் பரிசோதனை பற்றி மேஸ்திரியிடம் கேட்டால், "பக்கத்து வீடு நிற்குதே, அப்புறம் என்ன? ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டினால் தெரிஞ்சிடும்" என்கிறார். பொறியாளரோ போர் (மண்ணில் ஆழமாகத் துளை) போட்டு எஸ்பிடி (சுத்தியலால் குழாயை அடித்து இறக்கி மண்ணின் உறுதியை அளக்கும் சோதனை) அறிக்கை வந்தால்தான் அஸ்திவாரத்துக்கு வரைபடம் தருவேன் என்று நிற்கிறார். மனையின் ஒரு ஓரம் முன்பு பள்ளமாக இருந்து மண் கொட்டி மேடாக்கியது, விற்றவரே சொன்னார். எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழம் போட வேண்டும்? அறிக்கையில் எஸ்பிசி (மண் பத்திரமாகத் தாங்கும் சுமை) என்று ஒரு எண் வரும், அதை மட்டும் பார்த்தால் போதும் என்கிறார்களே, சரியா?

துளைக்கருவி:
பொறியாளர் சொல்வதுதான் சரி. குழி வீண் இல்லை, மேல் மண் எப்படி அடுக்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் சுமை ஃபுட்டிங்கின் (தூணுக்கு அடியில் வரும் அகலமான கான்கிரீட் பாதம்) அடியோடு நின்றுவிடாது, ஃபுட்டிங் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வரை அழுத்தம் இறங்கும். 2 மீட்டர் அகல ஃபுட்டிங்கை 1.5 மீட்டர் ஆழத்தில் வைத்தால் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வரை உள்ள மண் உங்கள் வீட்டைச் சுமக்கிறது. ஃபுட்டிங்குகள் நெருக்கமாக இருந்தால் இன்னும் கீழே போகும். ஆள் ஆழக் குழியில் இதில் பாதிகூடத் தெரியாது.

எத்தனை இடம் என்றால், உங்கள் மனைக்கு ஒன்று போதாது. கொட்டிய மண் இருக்கும் ஓரத்தில் ஒன்று, பழைய தரையில் ஒன்று கட்டாயம். வீடு முழுக்க ஒரே அளவு அமிழ்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமிழும்போதுதான் சுவர் வெடிக்கும். கொட்டிய மண் எங்கே முடிந்து இயற்கை மண் எங்கே தொடங்குகிறது என்பதைத் துல்லியமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

எஸ்பிடி நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. தூக்கி விடுவார்கள், குழாய் 15 செ.மீ. வீதம் மூன்று தடவை இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ.க்கான எண்ணிக்கை கணக்கில் வராது, பின்னால் வரும் இரண்டின் கூட்டுத்தொகைதான் 'என்' (N) மதிப்பு. களைப்பில் அரைகுறையாகத் தூக்கி விட்டால் அடிகளின் எண்ணிக்கை கூடும், மண் உறுதியானது என்று அறிக்கை பொய் சொல்லும். குழாய் வாயில் கல் சிக்கினாலும் இதே கதைதான்.

செம்மண்காரன்:
சின்ன வீட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் வேண்டுமா? பிளேட் லோடு டெஸ்ட் செய்தாலே போதுமே. இரும்புத் தகட்டை வைத்து ஜாக்கியால் அழுத்தி எவ்வளவு இறங்குகிறது என்று நேரடியாகப் பார்க்கலாம், ஊகத்துக்கே இடமில்லை.

துளைக்கருவி:
நேரடியாகத்தான் பார்க்கலாம், ஆனால் எதை? 30 செ.மீ. தகடு என்றால் அது சொல்வது அடியில் உள்ள 60 செ.மீ. மண்ணைப் பற்றி மட்டும். கனடாவில் டிரான்ஸ்கோனா தானியக் களஞ்சியத்துக்கு அஸ்திவார மட்டத்தில் சுமை வைத்துப் பார்த்துத்தான் கட்டினார்கள். 1913 அக்டோபரில் தானியம் நிரப்பும்போது ஒரே நாளுக்குள் அது அப்படியே சாய்ந்து ஏறக்குறைய 27 டிகிரியில் போய் நின்றது. மேலே இருந்த களிமண் கெட்டி, அதற்குக் கீழே இருந்தது மிருது. பிற்பாடு போர் போட்டுத்தான் அது தெரிந்தது. போர் அறிக்கையோடு சேர்த்து பிளேட் டெஸ்டும் செய்தால் நல்லது, அதற்குப் பதிலாக என்றால் வேண்டாம்.

கரிசல்காடு:
களிமண் வந்தால் 'ஃப்ரீ ஸ்வெல்' சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மண்ணை ஒரு ஜாடியில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் விட்டு வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும், அந்த வித்தியாசம்தான் கணக்கு. 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண ஃபுட்டிங்கைப் பற்றி இரண்டு தடவை யோசிக்கணும், ஏனென்றால் அந்த மண் மழைக்கு வீட்டைத் தூக்கும், வெயிலுக்கு இறக்கும். அமிழ்வதை மட்டும் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புதுமனை:
நன்றி. நல்ல கோடையில்தான் போர் போடப் போகிறோம், பரவாயில்லையா?

துளைக்கருவி:
போடலாம். ஆனால் அப்போது தெரியும் நீர்மட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைக்காலத்தில் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது என்று விசாரித்து பொறியாளரிடம் சொல்லுங்கள். மணல் மண்ணில் தண்ணீர் தரை வரை ஏறினால் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எஸ்பிசி பற்றிக் கேட்டீர்களே, அது மண்ணுக்கென்று நிலையாக உள்ள எண் இல்லை. எந்த ஆழத்தில், எவ்வளவு அகல ஃபுட்டிங்குக்கு, எத்தனை மி.மீ. அமிழ்வை அனுமதித்து, நீர்மட்டம் எங்கே இருப்பதாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்று நான்கும் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். மண் மாதிரிகளையும் அஸ்திவாரக் குழி வெட்டும் வரை தூக்கிப் போட விடாதீர்கள், குழியில் வரும் மண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.