விளையாட்டில் கற்றது வேலையில் கைகொடுத்ததா? வேலூர் பக்கத்து நண்பர்கள் எழுதுங்கள்

சத்துவாச்சாரி, ஷூ கம்பெனி லைன் சூப்பர்வைசர்:

ஆபீஸ் மீட்டிங்கில் விளையாட்டுப் பேச்சு வந்தாலே ‘ஜெயிக்கணும்’, ‘வெறி வேணும்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பளு தூக்கிப் பழகிய எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. விளையாட்டுக்குள் எத்தனையோ நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. எதை எப்போது முயற்சி செய்வது, தவறினால் என்ன செய்வது, எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அதையெல்லாம் யாரும் வேலைக்கு எடுத்து வருவதே இல்லை.

எங்கள் விளையாட்டில் ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) இரண்டுக்கும் தலா 3 வாய்ப்பு. ஸ்நாட்சில் மூன்றுமே தவறினால் டோட்டல், அதாவது இரண்டும் சேர்ந்த மொத்தம், கிடையாது. இன்னொரு விதி, பாரில், அதாவது தூக்கும் கம்பியில், ஏற்றிய எடையைப் பிறகு இறக்க மாட்டார்கள். தவறவிட்டால் அதே எடையைத் திரும்பத் தூக்கலாம், இல்லை கூட்டலாம். குறைத்துக் கேட்க வழியில்லை. அதனால் முதல் எடையை எவ்வளவு சொல்வது என்பதில்தான் கோச்சின் மூளையே தெரியும். எங்க மாஸ்டர் சொல்லுவார்: “ஜுரத்துல படுத்துக் கெடந்தாலும் எழுந்து வந்து தூக்குவியே, அந்த வெயிட்ட மொதல்ல சொல்லு.”

கம்பெனியில் புது ஸ்டைல் வந்தால் முதல் நாளே முழு டார்கெட் போர்டில் ஏறும். முன்பு நான் இருந்த இடத்தில் அப்படித்தான். அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பெண்கள் போர்டைப் பார்த்துப் பார்த்துத் தைப்பார்கள், வளைவில் ஊசி விலகும். துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் இறங்கிய ஊசியின் ஓட்டை மூடாது. தையலைப் பிரித்தாலும் வரிசையாகப் புள்ளி தெரியும், அந்தப் பீஸ் ரிஜெக்ட்தான். சாயங்காலம் டார்கெட்டும் வராது, தோலும் வீண்.

இப்போது என் லைனில் முதல் நாள் எண்ணை நான் சொல்வதில்லை. லைனில் அனுபவமுள்ள அக்காக்களைக் கேட்டு, கண்டிப்பாக வரும் என்று அவர்கள் சொல்வதைத்தான் எழுதுகிறேன். அது முடிந்த பிறகுதான் கூட்டுவோம். மேலே சண்டை போட வேண்டியிருந்தது, போட்டேன். சரக்கு வாங்கும் பையரிடம் ஒருமுறை சொன்ன எண்ணும் பாரில் ஏற்றிய எடைதான், இறக்கவே முடியாது என்று மேனேஜருக்குப் புரியவைத்ததும் ஒத்துக்கொண்டார்.

எங்க ஊர் பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 149, ஜெர்க்கில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம், ஆனால் மொத்தம் 317. தொடையில் அடிபட்டு மீண்டு வந்த சமயம் அது. ஸ்நாட்சில் இங்கிலாந்துக்காரர் 145, இவர் 144. ஒரு கிலோ பின்தங்கியிருந்தும் பதறாமல் ஜெர்க்கில் 173 தூக்கி முந்தினார். இங்கிலாந்துக்காரர் தவறவிட்டு மொத்தம் 312-ல் நின்றதும் தங்கம் உறுதியானது, இவர் கடைசி வாய்ப்பைத் தொடவே இல்லை. தன்னுடைய பழைய டோட்டலைவிட 11 கிலோ குறைவு, அதே தங்கம். அன்றைக்கு அந்த உடம்புக்கு எது போதும் என்று தெரிந்திருந்தது. இந்த அறிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

காட்பாடி, ஸ்டாஃப் நர்ஸ்:

அண்ணா, நான் ஸ்கூலிலும் காலேஜிலும் ரிலே ஓடினேன். 4×100, 4×400 இரண்டும், அதாவது நாலு பேர் ஆளுக்கு 100 அல்லது 400 மீட்டர் ஓடி, கையிலிருக்கும் பேட்டன் குச்சியை அடுத்தவருக்குக் கொடுப்பது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பேட்டன் வாங்குகிற முறையே வேறு. 4×100-ல் வாங்குகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார், கையை மட்டும் பின்னால் நீட்டுவார். கொடுக்கிறவர் குரல் கொடுத்து உள்ளங்கையில் வைப்பார். 4×400-ல் வருகிறவர் ஒரு முழு ரவுண்டு ஓடிக் களைத்து, கால் தள்ளாடி வருவார். அதனால் வாங்குகிறவர் திரும்பி நின்று, அவருடைய வேகத்தைக் கண்ணால் அளந்து, தானே கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தெம்பாக இருப்பவருக்குத்தான் பொறுப்பு.

நைட் டியூட்டி முடிகிற நேரத்தில் எங்கள் வார்டில் நடப்பது இந்த 4×400 தான். ராத்திரி முழுக்க நின்றவருக்குக் காலையில் எதுவும் ஞாபகத்தில் நிற்காது. அவர் ஏதாவது ஒன்றைச் சொல்ல மறந்தால் பழி முழுக்க அவர்மேல் விழும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு தங்கை அழுதுகொண்டே பஸ் ஏறிப் போனது இன்னும் மனதில் இருக்கிறது. இங்கே எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். காலையில் வருகிறவர்தான் கேள்வி கேட்க வேண்டும், அதுவும் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று. “ட்ரிப் எத்தனை மணிக்குப் போட்டீங்க? யூரின் எவ்ளோ போயிருக்கு? எந்த ரிப்போர்ட் வரணும்?” கேட்கும்போதே கண்ணால் பாட்டிலையும் பையையும் பார்த்துக்கொள்வோம்.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதைவிடப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையை ஐசியூவில் ஒப்படைக்கும்போது தவறுகள் நடந்ததால், கார் பந்தயத்தில் டயர் மாற்றும் ஃபெராரி குழுவிடம் யோசனை கேட்டார்கள். பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற கார் நிற்கும் பிட் ஸ்டாப்பில் யார் எந்த வேலை என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும், எல்லாவற்றுக்கும் ஒருவர் பொறுப்பு, தேவையில்லாத பேச்சு கிடையாது. அதேபோல் முதலில் கருவிகளை மாட்டி முடிப்பது, பிறகுதான் தகவல் சொல்வது என்று பிரித்தார்கள். தவறுகள் குறைந்ததாக 2007-ல் ஆய்வுக்கட்டுரையே வெளியானது. ஜெயிப்பதைப் பற்றிக் கேட்க அவர்கள் ஃபெராரியிடம் போகவில்லை, கை மாற்றும் விதத்தைக் கேட்கப் போனார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

குடியாத்தம் பக்கம் கிராமம், பைனான்ஸ் கம்பெனி:

நமக்குக் கபடிதாங்க. பொங்கலுக்கு எங்க ஊர்ல மேட்ச் இல்லாம இருக்காது. நான் லெஃப்ட் கார்னர், இடது ஓரத்துல நிக்கிற ஆளு.

கபடியில அவுட் ஆனவன் வீட்டுக்குப் போறதில்லை. கோட்டுக்கு வெளிய உட்காருவான், எதிராளி ஒருத்தன் அவுட் ஆனா நம்மாளு ஒருத்தன் உள்ள வருவான். யார் முதல்ல வெளிய போனாங்களோ அவங்கதான் முதல்ல உள்ள. கேப்டனுக்கு வேண்டியவன்னு மாத்த முடியாது. உள்ள வந்தா அவனோட பழைய இடம் அவனுக்கு. அவன் இல்லாதப்ப கார்னரைப் பார்த்துக்கிட்டவன் நகர்ந்து கொடுப்பான்.

எங்க பிராஞ்சில ஒரு பொண்ணு பிரசவ லீவு முடிஞ்சு வந்தாங்க. வேற இடமா இருந்தா அவங்க ஏரியாவை ஆளாளுக்குப் பங்கு போட்டு, வசூலே ஆகாத கணக்கா பார்த்து அவங்க தலையில கட்டியிருப்பாங்க. நானே வேற பிராஞ்சில அதைப் பார்த்திருக்கேன். எங்க மேனேஜர் பழைய கபடி ஆளு. அவங்க லீவு போற அன்னைக்கே, “இந்த ஏரியா அவங்களுது, நீ பார்த்துக்கத்தான் செய்யற”ன்னு என்கிட்ட கணக்கைக் கொடுத்தாரு. வந்ததும் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளருங்களும் ‘எங்க அக்கா வந்துட்டாங்க’ன்னு சந்தோஷமா கட்ட ஆரம்பிச்சாங்க. திரும்பி வர இடம் இருக்குன்னு தெரிஞ்சா யாரும் பயந்து பயந்து லீவு போட மாட்டாங்க.

ஆற்காடு, ஐடி:

எல்லோரும் நல்ல அனுபவம் சொல்கிறீர்கள். என் பழைய கம்பெனியில் டீம் லீடர் எல்லாவற்றுக்கும் கிரிக்கெட் உதாரணம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, ‘கடைசி ஓவர்ல யாராவது ரெஸ்ட் கேப்பாங்களா?’ என்பார். வருஷம் முழுக்கக் கடைசி ஓவர்தான். ஒருத்தன் உடம்பு முடியாமல் வேலையை விட்டே போனான். விளையாட்டைப் பற்றிப் பேசுகிற மேனேஜர் என்றாலே எனக்கு இப்போது பயம்.

சத்துவாச்சாரி, ஷூ கம்பெனி லைன் சூப்பர்வைசர்:

தம்பி, உங்க பயம் நியாயமானது. நான் எழுத ஆரம்பித்ததே அதனால்தான். போட்டி நெருங்க நெருங்க பயிற்சியில் எடையைக் குறைத்துக்கொண்டே வருவோம், உடம்பு தேறினால்தான் மேடையில் தூக்க முடியும். தினமும் உச்ச எடையைத் தூக்கச் சொல்கிற கோச்சிடம் எந்த அப்பா அம்மாவும் பிள்ளையை விட மாட்டார்கள். டி20-யில் ஒரு பவுலருக்கு 4 ஓவர்தான் என்பதும் கிரிக்கெட்தானே. உங்க லீடர் அதை மட்டும் எடுத்துக்கொள்ளவே இல்லை.

ராணிப்பேட்டை சிப்காட், ஷிப்ட் ஆபரேட்டர்:

நர்ஸ் அக்கா, எங்க பிளாண்டிலும் ஷிப்ட் மாறும்போது இதே தொல்லைதான். நைட் ஆள் கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடறாரு. நீங்க கேட்கிற கேள்வியை எழுதி வெச்சிருக்கீங்களா?

காட்பாடி, ஸ்டாஃப் நர்ஸ்:

ஆமாம் தம்பி, அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். உங்க வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். இப்போ எது ஓடிக்கிட்டிருக்கு, எது நின்னிருக்கு, ராத்திரி எதை மாத்தினீங்க, எது பாதியில இருக்கு, எனக்கு எதுல சந்தேகம் வரணும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், நைட் ஆள் மனதில் உறுத்துவது அப்போதுதான் வெளியே வரும். மெஷின் பக்கத்தில் நின்று கேளுங்கள், ஆபீஸ் ரூமில் வேண்டாம். அவருக்குப் பஸ் இருந்தால் பத்து நிமிஷம் முன்னாலேயே நீங்கள் வந்துவிடுங்கள்.