ராஸ்பெர்ரி பை 4இல் ஸ்டெல்லேரியம் உறைந்து உறைந்து நகர்கிறது: கிராஃபிக்ஸ் இயக்கியை எப்படிச் செயல்படுத்துவது?

வில்பட்டி ஆசிரியை:

வணக்கம். கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் மூடுபனியும் வானத்தை நாள்கணக்கில் மறைத்துவிடுவதால், மாணவர்களுக்கு விண்மீன் கூட்டங்களைத் திரையிலாவது காட்டலாம் என்று ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் நிரலை நிறுவி, பள்ளியின் பழைய புரொஜெக்டருடன் இணைத்திருக்கிறேன். இயங்குதளம் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வொர்ம் பதிப்பு; திரையைக் கையாள்வது எக்ஸ்11. நிரல் திறக்கிறது, ஆனால் நொடிக்கு 2 ஃபிரேம்தான் வருகிறது. பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து, திரையையும் கிராஃபிக்ஸ் சில்லையும் கையாளும் கேஎம்எஸ் இயக்கிக்கான வரியை பூட் கோப்புறையில் உள்ள கான்ஃபிக் கோப்பின் இறுதியில் எக்கோ கட்டளையால் சேர்த்தேன். ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் சில்லுக்கு) ஒதுக்கும் நினைவகத்தையும் 512 எம்பி ஆக உயர்த்தினேன். மறுதொடக்கம் செய்தும் எந்த மாற்றமும் இல்லை. சென்ற ஆண்டு எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர்தான் இதை அமைத்துக் கொடுத்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோத்தகிரி வாசகர்:

வணக்கம் அம்மா. முதலில், படத்தை வரைவது எது என்று தெரிந்துகொள்வோம். மேசா-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவி, முனையத்தில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை இயக்குங்கள். ரெண்டரர் என்ற வரியில் 'வி3டி 4.2' என்று வந்தால் கிராஃபிக்ஸ் சில்லு வேலை செய்கிறது; 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் முழுப் படத்தையும் சிபியுவே வரைகிறது என்று பொருள். நினைவகத்தை உயர்த்தியதால் பயன் இருக்காது. பை 4இன் முப்பரிமாணப் பகுதிக்குத் தனி நினைவக மேலாண்மை இருப்பதால், அது அந்த ஒதுக்கீட்டிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

வில்பட்டி ஆசிரியை:

எல்எல்விஎம்பைப் என்றுதான் வருகிறது, ஐயா.

கோத்தகிரி வாசகர்:

அப்படியானால் நீங்கள் திருத்தியது தவறான கோப்பு. 2023 அக்டோபரில் புக்வொர்ம் வந்தபோது, கான்ஃபிக் கோப்பு பூட் கோப்புறைக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற உட்கோப்புறைக்கு இடம் மாறிவிட்டது. பழைய இடத்தில் எழுதுவதை இயங்குதளம் படிப்பதே இல்லை. அதற்கு முன் வெளியான வழிகாட்டிகளைப் பின்பற்றும் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சரியான கோப்பைத் திறந்து, 'டிடிஓவர்லே=விசி4-கேஎம்எஸ்-வி3டி' என்ற கேஎம்எஸ் வரியின் முன்னால், வரியை முடக்கும் கட்டக்குறி (#) இருக்கிறதா என்று பாருங்கள் (இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்). புக்வொர்மில் அந்த வரி இயல்பாகவே இருக்கும் என்பதால், யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள் என்றே எண்ணுகிறேன். உங்கள் பயனர் கணக்கு வீடியோ, ரெண்டர் ஆகிய குழுக்களில் இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.

வில்பட்டி ஆசிரியை:

நீங்கள் சொன்னது போலவே கட்டக்குறி இருந்தது. குழுக்கள் சரியாக உள்ளன. கட்டக்குறியை நீக்கி மறுதொடக்கம் செய்தேன். இப்போது புரொஜெக்டரில் ஒன்றுமே தெரியவில்லை. மாணவரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, இதே காரணத்தால்தான் அந்த வரியை முடக்கி, திரையின் தெளிவுத்திறனைக் குறிக்கும் எச்டிஎம்ஐ குரூப், எச்டிஎம்ஐ மோட் என்ற வரிகளைச் சேர்த்ததாகச் சொன்னார். அந்த வரிகள் இன்னும் கோப்பில் இருக்கின்றன.

குன்னூர் வாசகர்:

உங்கள் மாணவர் செய்தது அன்றைக்குப் பொருத்தமான வழிதான். அவரைக் குறை சொல்ல இடமில்லை. கேஎம்எஸ் இயக்கி பொறுப்பேற்றதும் எச்டிஎம்ஐ குரூப், மோட் வரிகளை அது கண்டுகொள்ளாது. புரொஜெக்டர் தன் தெளிவுத்திறனைச் சொல்லாதபோது, அதை நாமே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். ஃபர்ம்வேர் கோப்புறையிலேயே சிஎம்டிலைன் என்ற கோப்பு இருக்கிறது. அதிலுள்ள ஒரே வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, 'வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1024எக்ஸ்768எம்@60டி' என்பதை ஆங்கில எழுத்தில் சேருங்கள். கடைசியில் உள்ள டி எழுத்துதான், எதிர்முனை பதில் தராவிட்டாலும் டிஜிட்டல் வெளியீட்டை அனுப்பச் செய்கிறது. புதிய வரியில் எழுதிவிடாதீர்கள். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாகவே இருக்க வேண்டும். திரை இல்லாததால், மெமரி கார்டைக் கழற்றி வேறு கணினியில் திருத்தலாம். கேபிளை, மின்சாரம் செருகும் துளைக்கு அருகில் உள்ள எச்டிஎம்ஐ துளையில்தான் இணைக்க வேண்டும்.

வில்பட்டி ஆசிரியை:

திரை வந்துவிட்டது. வி3டி 4.2 என்று காட்டுகிறது. வானம் தடையின்றித் திரும்பியதைக் கண்டபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் சில நிமிடங்களில் மூலையில் மின்னல் குறி தோன்றி, மீண்டும் மந்தமாகிறது. மழை நேரத்தில் மின்சாரம் போய்விடும் என்பதால் பவர் பேங்கிலிருந்து நீளமான கைபேசிக் கேபிள் வழியாக இயக்குகிறேன்.

கோத்தகிரி வாசகர்:

மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதையே அந்தக் குறி சொல்கிறது; கிராஃபிக்ஸ் சில்லு வேலை செய்யத் தொடங்கியதும் மின்தேவை கூடிவிட்டது. 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' கட்டளை 50005 என்று காட்டினால் குறைபாடு இப்போதும் இருக்கிறது. 50000 என்றால் முன்பு நேர்ந்து இப்போது இல்லை. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் மின்னேற்றியைத் தடித்த, குட்டையான கேபிளுடன் பயன்படுத்துங்கள். மின்வெட்டுக்கு, அந்த மின்னேற்றியைச் சிறிய யுபிஎஸ் ஒன்றில் செருகுவதே நல்லது.

வில்பட்டி ஆசிரியை:

மின்னேற்றியை மாற்றி, மறுதொடக்கத்துக்குப் பின் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். கட்டளை 0 என்று காட்டுகிறது. 18 ஃபிரேமுக்குக் குறையவில்லை. கான்ஃபிக் கோப்பில் கேஎம்எஸ் வரிக்கு மேலே, அதை ஏன் முடக்கக் கூடாது என்றும் திரை வராவிட்டால் எந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றும் குறிப்பு எழுதி வைத்து, மாணவருக்கும் தெரிவித்துவிட்டேன். இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.