குட்டி யானையில் கூலியாட்கள்: வண்டியைப் பறிமுதல் செய்தால் தீருமா?

அச்சாணி:
களையெடுக்க, வெங்காயம் பிடுங்க ஆட்களைக் குட்டி யானையில், அதாவது டாடா ஏஸ் சரக்கு வண்டியில், நிற்க வைத்து ஏற்றிப்போனால், அபராதத்தோடு விடக்கூடாது. வண்டியையே பறிமுதல் செய்யணும். டாடா ஏஸ் தாங்கும் பாரம் சுமார் 750 கிலோ. ஆளுக்கு 50 கிலோ என்றாலும் 25 பேர் 1,250 கிலோ. அதைவிட ஆபத்து உயரம். உரமூட்டை தளத்தோடு கிடக்கும். நிற்கிற ஆளின் பாரமோ இடுப்பு உயரத்தில் நிற்கும். வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால், ஒன்றரை மீட்டர் அகல வண்டி புரண்டுவிடும். பின்பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. பக்கப் பலகை முழங்கால் உயரம்தான். ஆட்கள் முதலில் தெறித்து விழுகிறார்கள், பிறகு வண்டி அவர்கள் மேலேயே கவிழ்கிறது.

களத்துமேடு:
நீங்க சொன்ன கணக்கு சரி, தீர்வுதான் தப்பு. வெயில் ஏறுமுன் வேலை முடியணும், அதனால் ஆறரைக்குக் காட்டில் (வயலில்) இறங்கியாகணும். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை; ஆனால் முதல் பஸ்ஸே ஏழரைக்கு வருகிற ஊரில் அதனால் என்ன பயன்? இறங்கி மூணு கிலோமீட்டர் நடக்கவும் வேணும். தாமதமாகப் போனால் மேஸ்திரி அடுத்த நாள் கூப்பிட மாட்டார். வண்டியைப் பிடித்தால் அன்றைய கூலி போவது அந்தப் பெண்களுக்குத்தான்.

அச்சாணி:
கூலி போனால் ஒரு நாளோடு போச்சு. உயிர் போனால்? மோட்டார் வாகனச் சட்டம் 147-வது பிரிவின்படி, சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ போனால்தான் காப்பீடு நிற்கும். மற்றவர்களுக்குக் கம்பெனி கைவிரிக்கும். தீர்ப்பு சாதகமாக வந்தாலும் வண்டிக்காரரிடம்தான் வசூலிக்கணும். அவரிடம் இருப்பது டியூ முடியாத அந்த ஒரு வண்டி.

களத்துமேடு:
அதே சட்டத்தில் 194ஏ-வையும் படியுங்க. கூடுதல் ஆளுக்குத் தலைக்கு 200 ரூபாய் என்பதோடு அது நிற்கவில்லை. இறக்கிவிட்டவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும்வரை அந்த வண்டியை நகர விடக்கூடாது என்றும் இருக்கு. அதைச் செய்யாமல் ரோட்டோரம் இறக்கிவிட்டால், கொஞ்ச தூரம் நடந்து அடுத்த வண்டியில் ஏறத்தான் போறாங்க.

நுகத்தடி:
ரெண்டு பேரும் செலவைத் தொடவில்லை. 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற காட்டுக்கு 24 பேர் போகணும். 12 சீட் வேன் என்றால் காலையில் போய், காலியாகத் திரும்பி, மறுபடி போகணும்: 36 கிலோமீட்டர். வேலை முடிந்து திரும்பும்போதும் அதே 36. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் ஏழு லிட்டருக்கு மேல் டீசல், ஏறக்குறைய 650 ரூபாய். குட்டி யானை ஒரே நடையில் கொண்டுபோய் அங்கேயே நிற்கும். 24 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர், 140 ரூபாய். வித்தியாசம் தலைக்கு 20 ரூபாய் சொச்சம். டிரைவர் படி, பெர்மிட் வரி சேர்த்தால் இன்னும் ஏறும். இதைக் காட்டுக்காரர் கூலியிலிருந்து பிடிக்காமல் தன் கையிலிருந்து தரணும். அதுதான் பேச வேண்டியது.

களத்துமேடு:
வெங்காயம் விலை சரிந்த வருஷம் அவரும் தரமாட்டார் அண்ணே. அதனால்தான் பஸ் கேட்கிறேன். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-இல் கிராம சபை கூடும். முதல் டிரிப்பை ஐந்தரைக்கு மாற்றணும் என்று தீர்மானம் போட்டு, எத்தனை பேர், எந்த நிறுத்தம் என்று எழுதி, பணிமனைக் கிளை மேலாளருக்கு அனுப்பணும்.

அச்சாணி:
பஸ் வரட்டும், நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் திரும்பும் நடையை அதுவரை விட முடியாது. மதியம் மூட்டையை அடுக்கி அதன்மேல் ஆட்களை உட்கார வைக்கிறார்களே, அப்போது பிடித்துக்கொள்ளப் பக்கப் பலகைகூட எட்டாது. மூட்டை ஏற்றிய வண்டியில் ஆள் இருந்தால் பறிமுதல் என்பதையாவது ஒத்துக்கொள்கிறீர்களா?

களத்துமேடு:
அதை மட்டும் ஒத்துக்கிறேன். மதியம் பஸ் இருக்கு.