1922 மௌனப் படத்துக்கான தமிழ்த் துணையுரை பொருந்தவில்லை: உதவி தேவை

அன்னா மே வாங் நடித்த 'தி டோல் ஆஃப் தி சீ' (1922) படத்துக்கு நான் எழுதிய தமிழ்த் துணையுரை, காட்சிகளுக்கு இடையே வசனத்தையும் விளக்கத்தையும் காட்டத் திரையில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகளோடு பொருந்தாமல் முந்திக்கொண்டு வருகிறது. கடலில் ஒதுங்கிய அமெரிக்கனைக் காப்பாற்றி, அவனை நேசித்து, கைவிடப்பட்டு, இறுதியில் மகனையே அவனுடைய அமெரிக்க மனைவியிடம் ஒப்படைக்கும் சீனப் பெண்ணின் கதை இது. அந்தப் பிரிவுக் காட்சியில் சொற்கள் முன்கூட்டியே வந்துவிட்டால், அவள் முகம் சொல்வதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

என்னிடம் இருப்பது, 1985இல் மீட்டெடுக்கப்பட்ட இருவண்ண டெக்னிகலர் (தொடக்ககால வண்ணப்பட முறை) பதிப்பின் பிரதி. ஏறத்தாழ 54 நிமிடம், நொடிக்கு 24 சட்டகம். (தொலைந்துபோன முடிவுக்காகப் பழைய டெக்னிகலர் கேமராவிலேயே கடலைப் புதிதாகப் படமெடுத்துச் சேர்த்த பதிப்பு அது.) துணையுரையை வேறொரு பிரதியைப் பார்த்து எழுதினேன், கோப்பு எஸ்ஆர்டி வடிவில் (ஒவ்வொரு வரியும் தோன்றி மறையும் நேரத்தைக் குறித்த உரைக்கோப்பு), விண்டோஸ் 10 மடிக்கணினியில் உள்ளது.

தொடக்கம் சரியாக இருக்கிறது. 20ஆவது நிமிடத்தில் 4 நொடி, 35ஆவது நிமிடத்தில் 5 நொடி, முடிவில் 19 நொடி முந்துகிறது. கோப்பு முழுவதையும் நகர்த்திப் பார்த்தேன். நொடிக்கு 25 சட்டகத்திலிருந்து 24க்கும், 23.976க்கும் மாற்றிப் பார்த்தேன். விலகல் சீராக இல்லாததால் எந்த விகிதமும் உதவவில்லை. திரையிடல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

எழுத்து அட்டைகள் தோன்றும் இடங்களைத் தானாகவே கண்டறிந்து, அவற்றுக்கேற்ப எஸ்ஆர்டி கோப்பின் நேரங்களைத் திருத்த எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்?