சர்க்கரை உள்ள அம்மாவுக்குச் சிக்கனமாக என்ன சமைக்கலாம்?

வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. மூன்று வேளையும் ரேஷன் அரிசிதான் எங்களுக்கு. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று அதையும் ரேஷனில்தான் வாங்குகிறோம். தினை, சாமையெல்லாம் கட்டுப்படியாகவில்லை. கம்பும் கேழ்வரகும் பரவாயில்லை. கூழாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும் என்பதால், கேழ்வரகில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டுகிறேன். மாலையில் வடைக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல்; அப்பாவுக்கும் பிடித்துவிட்டது.

கம்புதான் சிக்கல். உமி சரியாகப் போகாமல் அம்மாவுக்குத் தொண்டையில் உறுத்துகிறது. வீட்டில் உரல் இல்லை. மிக்ஸியிலேயே உமி எடுக்க முடியுமா? அப்புறம், இட்லிக்கு அரிசியோடு எவ்வளவு கம்பு சேர்க்கலாம்? காலையில் சீக்கிரம் வேலைக்குக் கிளம்புபவள் நான். அதிக நேரம் பிடிக்காத வழியாகச் சொல்லுங்கள். மாத்திரையெல்லாம் டாக்டர் சொன்னபடியே போகிறது, சாப்பாட்டுக்குத்தான் யோசனை வேண்டும்.