தனியே வாழும் முதியவர்களின் தனிமையைக் குறைக்க எது பயன்படும்: ஆய்வுகள் காட்டுவது என்ன?

வாசகர் வட்டம், மேலூர்:
அனைவருக்கும் வணக்கம். மேலூர் வட்டத்தில், பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நெல் விளையும் ஒரு கிராமத்தில், நூலகத்தை ஒட்டி இயங்கும் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவன் நான். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட பிறகு, வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கும் முதியவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குச் சிலராவது இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குச் சென்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரும்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். மாணவர்களைக் கேட்டுக் கல்லூரி வாசலுக்குப் போகும் முன், இத்தகைய முயற்சிகள் உண்மையில் தனிமையைக் குறைக்கின்றனவா, குறைந்ததை எப்படி அறிவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் வட்டத்திலேயே ஒரு பெரியவர், “ஊரே சொந்தபந்தம், மந்தைக்கு வந்தால் பேச ஆளா இல்லை? தனிமையெல்லாம் பட்டணத்து வியாதி” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சமூகப்பணி ஆசிரியர், மதுரை:
முதலில் அந்தப் பெரியவரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆய்வுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒருவருக்கு எத்தனை பேருடன் தொடர்பு இருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கக்கூடியது. தனக்கு வேண்டிய உறவு தனக்கு இல்லை என்று அவர் உள்ளுக்குள் உணர்வது வேறு. கூட்டுக் குடும்பத்தின் நடுவில் இருந்துகொண்டே தனிமையில் வாடுகிறவர்களும் உண்டு, தோட்டத்து வீட்டில் ஒற்றையாளாக நிறைவாக வாழ்கிறவர்களும் உண்டு. தொடர்பு இல்லாதிருப்பது, தனிமையை உணர்வது ஆகிய இரண்டுமே உடலைப் பாதிக்கின்றன. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2015இல் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இறப்புக்கான வாய்ப்பு தொடர்பற்று இருப்போருக்கு 29 விழுக்காடும், தனிமையை உணர்வோருக்கு 26 விழுக்காடும் கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார்; ஏழை நாடுகளும் அதில் அடக்கம். ஆகவே இது பட்டணத்து வியாதி அன்று.

இனி உங்கள் திட்டம். இதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசிவிட்டு வரும் முறைக்கு ஆய்வுகளின் ஆதரவு குறைவு. மீமா கட்டனும் உடன் ஆய்வாளர்களும் முதியோருக்கான 30 ஆய்வுகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். பலன் தந்த பத்து முயற்சிகளில் ஒன்பது, எதையாவது கற்கவோ ஒருவருக்கொருவர் துணை நிற்கவோ கூடிய குழுக்களாக இருந்தன. பலன் தராத எட்டில் ஆறு, ஆளுக்கு ஆள் என்ற முறையில் ஆதரவோ அறிவுரையோ வழங்கியவை. ஏன் என்பதற்கு என் கருத்து இது: வீட்டுக்கு வரும் மாணவருக்கு முன்னால் அந்த முதியவர் உதவி பெறுகிறவராகவே இருக்கிறார், அவரால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. குழுவில் அவர் இன்னொருவருக்குப் பயன்படுகிறார்.

கிறிஸ்டோபர் மாசி, ஜான் கசியோப்போ முதலியோர் பின்னர் செய்த தொகுப்பாய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சந்திப்பு வாய்ப்புகளைப் பெருக்குவதைவிட, ‘என்னை யாருக்கும் பிடிக்காது, நான் போனால் பாரம்’ என்று இறுகிப்போன எண்ணத்தைத் தளர்த்தும் முயற்சிகள் கூடுதல் பலன் தந்தன. அவ்வகை ஆய்வுகள் சிலவே என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் அழைத்தும் வராதவரைப் ‘பிடிவாதக்காரர்’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

அளப்பதற்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான அளவுகோலின் மூன்று கேள்விச் சுருக்கம் உங்களுக்குப் போதும். துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், பிறரிடமிருந்து விலகி இருப்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள் என்பவை அந்தக் கேள்விகள். மதிப்பெண் 3 முதல் 9 வரை போகும்; மதிப்பெண் கூடினால் தனிமை கூடுதல் என்று பொருள். ஆனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் அளக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் முடங்கியிருக்கும்போது கேட்டுவிட்டு, பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வந்து நிறையும் பொங்கலில் மறுபடி கேட்டால், நீங்கள் ஒன்றுமே செய்யாதிருந்தாலும் மதிப்பெண் குறைந்திருக்கும். தவிர, மிகவும் வாடியிருப்பவர்களையே தேர்ந்தெடுத்தால் அவர்களில் சிலர் தாமாகவே ஓரளவு தேறிவிடுவார்கள். சம்மதித்தவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு, பாதிப்பேருக்கு இப்போதும் மீதிப்பேருக்கு மூன்று மாதம் கழித்தும் தொடங்குங்கள். அதற்குள் இரு தரப்பையும் ஒரே வாரத்தில் கேளுங்கள். யாரும் விடுபட மாட்டார்கள், ஒப்பீடும் கிடைத்துவிடும்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், உசிலம்பட்டி:
ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் குழு என்றால் வர முடிந்தவர்தானே வருவார்? என் பணிக்காலத்தில் ஒரு பாட்டி, கொடுத்த இரத்த அழுத்த மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். கேட்டால், “நீ வந்து எடுத்துக் குடுத்தா முழுங்கிக்கிறேன் தாயி” என்பார். மூட்டு வலியால் வாசற்படியைத் தாண்ட முடியாதவர் அவர். இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுக்குப் போகும் ஆளைத் தவிர வேறு வழி எது? மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே அந்தப் படியை மிதிக்கிறார்கள். யார் வெளியே வருவதில்லை என்பதை அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மந்தை எல்லாருக்கும் பொது என்று அந்தப் பெரியவர் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் மந்தையிலும் சாவடியிலும் ஆண்கள்தான் உட்காருகிறார்கள், அதிலும் எல்லாச் சாதி ஆண்களும் அல்லர். கணவனை இழந்த பெண்களுக்கு ஒரு நல்லது பொல்லதுக்குப் போவதிலேயே தயக்கம் இருக்கிறது. ஆகவே அங்கன்வாடி, பள்ளிக்கூடம், நூலகம் போல எந்தத் தெருக்காரரும் தயங்காமல் வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்புரையும் காது மந்தமும் இருந்தால் கூட்டத்தில் உட்கார்ந்தும் தனியாளாகத்தான் இருப்பார்கள். தொடங்கும் முன்பே கண் சிகிச்சை முகாமுக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை கிராமங்களிலேயே முகாம் நடத்துவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆய்வு மாணவி, திருப்பரங்குன்றம்:
வெளியே வர இயலாதவர்களுக்குத் தொலைபேசியும் ஒரு வழி என்று காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது, அம்மா. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கொரோனாக் காலமான 2020இல், வீட்டுக்கு உணவு பெற்றுவந்த 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரைச் சிறு பயிற்சி பெற்ற இளைஞர்கள் நான்கு வாரம் அழைத்துப் பேசினார்கள். முதல் ஐந்து நாள் தினமும் அழைப்பு. அதன்பின் வாரத்தில் எத்தனை நாள் என்பதை அழைப்பைப் பெற்றவர்களே முடிவுசெய்தார்கள். மணிந்தர் காலோன் தலைமையிலான குழு 2021இல் வெளியிட்ட முடிவில், அதே மூன்று கேள்வி அளவுகோலில் ஒரு புள்ளிக்குச் சற்று மேல் குறைவு தெரிந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்திருந்தன. நான்கு வாரத்துக்குப் பின் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை.

எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்கு வெளிநாட்டிலிருந்து மகனின் அழைப்பு தவறாமல் வருகிறது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, பணம் வந்ததா என்ற மூன்று கேள்விகளோடு அது முடிந்துவிடும். டெக்சாஸ் இளைஞர்களுக்குக் கற்பிக்கப்பட்டது இதற்கு நேர்மாறானது: பேச்சை அந்த முதியவரே நடத்தட்டும், அவர் அறிந்ததைப் பற்றிக் கேளுங்கள் என்பதுதான். நம் ஊரில் மாட்டைப் பற்றியோ நாற்றங்காலைப் பற்றியோ கேட்டால் பேச்சு தானே நீளும்.

வாசகர் வட்டம், மேலூர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திட்டத்தை மாற்றிக்கொள்கிறோம்: நூலகத்தில் வாரம் ஒரு குழு, வர முடியாதவர்களுக்கு மாணவர்களின் தொலைபேசி அழைப்பு. குழுவில் என்ன செய்வது, எத்தனை மாதம் நடத்துவது?

சமூகப்பணி ஆசிரியர், மதுரை:
பின்லாந்தில் 75 வயதைக் கடந்த 235 பேரிடம் நடந்த ஆய்வைப் பின்பற்றலாம். ஏழெட்டுப் பேர் கொண்ட குழுக்கள் வாரம் ஒருமுறையாக மூன்று மாதம் கூடின. கலை, உடற்பயிற்சி, எழுத்து ஆகியவற்றில் தமக்குப் பிடித்ததை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்ற நடத்துநர்கள் மெல்ல மெல்லப் பொறுப்பை உறுப்பினர்களிடம் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் குழுவில் இருந்தோரில் 97 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுக்காகக் குழுவில் சேர்க்கப்படாதவர்களில் 90 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் தனிமை அளவுகோலின் மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; புதிய நண்பர்கள் கிடைத்ததாகவும், தாம் பிறருக்குத் தேவைப்படுவதாகவும் சொன்னவர்கள்தாம் குழுவினரில் அதிகம். ஆகவே அந்த இரண்டையும் உங்கள் கேள்விகளில் சேருங்கள். உங்கள் ஊரில் ஒப்பாரியும் குலவைப் பாட்டும் அறிந்த மூதாட்டிகள் இருப்பார்கள்; விதை நேர்த்தியும் மாட்டு வைத்தியமும் அறிந்த முதியவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

மாணவர்கள் எந்தத் தேதியோடு நிற்பார்கள் என்பதை முதல் நாளே முதியவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோகும் அழைப்பு அவர்களை மேலும் நோகடிக்கும். வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், மாணவர் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அன்றே உங்களிடம் தெரிவிக்க வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம்; இரண்டுக்கும் கட்டணம் இல்லை.