கப்பல் பீரங்கிக் குண்டுகள்: கைக்கு வந்ததும் தராசு, அப்புறம்தான் பிரஷ்

(பழைய குண்டுகளை அடையாளம் காண்பது, சுத்தம் செய்வது, பாதுகாப்பது பற்றி வெர்னியர், பழைய இரும்பு, உப்புத்தண்ணி என்ற புனைபெயர்களில் மூன்று பேர் மாறி மாறி எழுதியது.)

வெர்னியர்

"பிரிட்டிஷ் போர்க்கப்பல் குண்டு, 32 பவுண்டர்" என்று யாராவது விலை சொன்னால், முதலில் விட்டமும் எடையும் கேளுங்கள். கதை பிறகு. பவுண்டர் என்பது குண்டின் எடையைப் பவுண்டில் சொல்லும் பெயர். 32 பவுண்டர் 14.5 கிலோ, விட்டம் ஏறக்குறைய 156 மி.மீ. 24 பவுண்டர் 10.9 கிலோ, 141 மி.மீ. 18 பவுண்டர் 8.2 கிலோ, 128 மி.மீ. 12 பவுண்டர் 5.4 கிலோ, 112 மி.மீ. 1805 டிரஃபால்கர் சண்டையில் விக்டரி கப்பலின் கீழ்த்தட்டில் 32, நடுத்தட்டில் 24, மேல்தட்டில் 12 பவுண்டர்கள் இருந்தன. சந்தையில் அதிகம் பேசப்படும் அளவுகளும் இவைதான்.

பெரிய வெர்னியர் காலிப்பர் இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றிக் கட்டிச் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் போதும். 32 பவுண்டருக்கு 49 செ.மீ. வரும். மூன்று திசையில் அளக்கவும். இரண்டு பாதி அச்சில் வார்த்தவை என்பதால் இணைப்புக் கோட்டில் மில்லிமீட்டர் கணக்கில் வித்தியாசம் இருக்கும். எந்தப் பக்கம் அளந்தாலும் துல்லியமான உருண்டையாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

போலியில் இரண்டு வகை. ஒன்று விளையாட்டு மைதானக் குண்டு: ஆண்களுக்கானது 7.26 கிலோ. அந்த எடை 12 பவுண்டருக்கும் சேராது, 18க்கும் சேராது. இன்னொன்று தாது அரைக்கும் பால் மில் (ball mill) உருண்டை. 125 மி.மீ. உருண்டை ஒன்று 8 கிலோ காட்டும். 18 பவுண்டர் என்று நம்பத் தோன்றும். ஆனால் அந்த விட்டத்தில் வார்ப்பிரும்பு 7.4, 7.5 கிலோதான் இருக்க வேண்டும். கூடுதலாக இருக்கும் அரைக் கிலோ, அது எஃகு என்று சொல்லிவிடுகிறது.

பிரெஞ்சு 36 பவுண்டரை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். அவர்களுடைய பவுண்டு கனமானது, குண்டு 17.6 கிலோ வரும்.

பழைய இரும்பு

மேலே சொன்ன எடைக் கணக்கு உயிர் காக்கிற கணக்கும்கூட. எடை குறைந்தால் காரணம் இரண்டு: கடல் இரும்பைத் தின்றிருக்கலாம், அல்லது குண்டு உள்ளே கூடாக இருந்து அதில் வெடிமருந்து இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் உள்நாட்டுப் போர்க் காலக் கப்பல் குண்டைச் சுத்தம் செய்யும்போது அது வெடித்து இறந்தார். 9 அங்குலம், 75 பவுண்டு. 9 அங்குலப் பீரங்கிக்குத் திண்மக் குண்டு (உள்ளே கூடு இல்லாதது) என்றால் 90 பவுண்டு இருக்கும். பதினைந்து பவுண்டு எங்கே போனது என்ற கேள்விக்கு விடை உள்ளே இருந்தது. சிதறல் ஒன்று கால் மைல் தள்ளி இன்னொரு வீட்டு முகப்பில் போய் விழுந்தது.

"நூற்றைம்பது வருஷம் தண்ணீரில் ஊறிய மருந்து, இனி என்ன ஆகும்" என்று கேட்பார்கள். கப்பல் குண்டுகளின் பித்தளைத் திரிமூடியே தண்ணீர் புகாதபடி செய்ததுதான். அலைமேல் தத்திப் போனாலும் திரி அணையக் கூடாது என்பதற்காக. அதனால் உள்ளே மருந்து காய்ந்தே இருக்கலாம். ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டத் தழும்போ, பித்தளையோ, ஈயமோ தெரிந்தால் கம்பி பிரஷ் வேண்டாம், டிரில் வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். வாளித் தண்ணீரில் போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீஸுக்குச் சொல்லுங்கள், வெடிகுண்டு நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உப்புத்தண்ணி

திண்மக் குண்டு என்று உறுதியான பிறகு உள்ள வேலையைச் சொல்கிறேன். கடலிலிருந்து வந்த குண்டைக் காய விடாதீர்கள், முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். கடல்நீர் இரும்பைக் கரைத்து எடுத்துவிட்டுக் கிராஃபைட்டை மட்டும் விட்டு வைத்திருக்கும். உருவம், விட்டம், வார்ப்புக் கோடு எல்லாம் அப்படியே இருக்கும், எடை மட்டும் போயிருக்கும். கத்தி முனையால் கீறினால் பென்சில் மாதிரி கறுப்பாக வரும். அந்த மெத்தென்ற கறுப்புத் தோலில்தான் குண்டின் அசல் மேற்பரப்பு இருக்கிறது. மணல் வீச்சில் கொடுத்தால் தோல் மொத்தமும் போய், 32 பவுண்டர் 24 பவுண்டர் அளவுக்குச் சுருங்கிக் குழி குழியாக வெளியே வரும். அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஈரம் போய்க் காற்றுப் பட்டால் உள்ளே தங்கிய குளோரைடு, அதாவது கடல் உப்பு, வேலையைத் தொடங்கும். எடுத்த சில மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிய குண்டுகள் உண்டு. பிறகு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து 1,200க்கும் மேற்பட்ட குண்டுகள் எடுத்தார்கள். தேர்ந்த ஆய்வகச் சிகிச்சை பெற்றவற்றிலும் சில, காட்சிக்கு வைத்த பிறகு மறுபடி துருவேறின. வீட்டு வாளியில் நாம் செய்வதற்கு உத்தரவாதம் எவ்வளவு என்பதை இதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள்.

உப்பை வெளியே எடுக்கும் குளியல்: மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, 10 லிட்டர் பேட்டரித் தண்ணீர், 200 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்துவிடும். எவர்சில்வரும் வேண்டாம், குண்டோடு ஒட்டி நின்றால் குண்டுதான் அரிபடும். மாதம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். பெரிய குண்டுக்கு ஒரு வருஷம் சாதாரணம், அதற்கு மேலும் போகும்.

அதே கரைசலில் மின்சாரம் விடுவதானால் மிகக் குறைவாக. 156 மி.மீ. குண்டின் மேற்பரப்பு சுமார் 765 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு ஒரு மில்லி ஆம்பியர் கணக்கில் முக்கால் ஆம்பியர் போதும். பேட்டரி சார்ஜரை அப்படியே மாட்டி ஐந்து, பத்து ஆம்பியர் விட்டால் ஹைட்ரஜன் குமிழி கிராஃபைட் தோலைக் கிளப்பிவிடும். குண்டு நெகட்டிவில், சுற்றிலும் சாதா இரும்பு வலை பாசிட்டிவில். மாற்றி மாட்டினால் குண்டு கரையும். மூடியைத் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

வெர்னியர்

உப்பு தீர்ந்ததா என்று எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பாதிப் பேர் அங்கேதான் விடுகிறார்கள்.

உப்புத்தண்ணி

கரைசலில் 5 மி.லி. எடுத்து, முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுக் காரத்தைப் போக்கி, அமிலமாகிவிட்டதா என்று லிட்மஸ் தாளில் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். நீர்மோர் மாதிரி கலங்கினால் உப்பு இன்னும் வருகிறது. அமிலம் விடாமல் செய்தால் பழுப்பு வீழ்படிவு வரும், அதற்கு அர்த்தமே கிடையாது. குண்டு போடாத புதுக் கரைசலிலும் இதே சோதனையைச் செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். போர்வெல் தண்ணீரில் கரைத்திருந்தால் அதுவே கலங்கும். அடுத்தடுத்து இரண்டு மாதம் தெளிவாக வந்தால் நிறுத்தலாம்.

பிறகு பேட்டரித் தண்ணீரில் காரம் போகும்வரை அலசி, அசிட்டோனில் முக்கி ஈரத்தை எடுத்து, டானிக் அமிலம் பிரஷ்ஷால் இரண்டு மூன்று பூச்சு. நீலக் கறுப்பாக மாறும். அதன் மேல் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு. தேங்காய் எண்ணெய், கிரீஸ் எல்லாம் பளபளப்புக்குத்தான், துருவை நிறுத்தாது.

வைக்கிற இடம்: காற்றுப் புகாத பெட்டி, நிறைய சிலிகா ஜெல், உள்ளே ஈரப்பதமானி. 20 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள். மேற்பரப்பில் செம்பழுப்பு நிறத்தில் வியர்வை முத்து மாதிரித் துளிகள் தெரிந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அது அமிலம். மெழுகைக் கரைத்தெடுத்து மறுபடி வாளிக்கு.

பழைய இரும்பு

கண்ணாடி அலமாரித் தட்டில் 14 கிலோவை நேரடியாக வைக்காதீர்கள். தேங்காய் நாரில் சும்மாடு மாதிரி வளையம் வேண்டாம், ஈரம் பிடிக்கும். பாலித்தீன் நுரையில் வளையம் வெட்டிப் போட்டால் உருளாது.